பெலிஸ்தர் பேசிய மொழியும் என் நாத்தனாரும்

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. சமையலறையில் பீன்ஸ் ஆய்ந்துகொண்டிருந்தபோது என் நாத்தனார் வாயிலிருந்து விழுந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை. குக்கர் விசிலடித்ததில் அவள் சொன்ன முதல் இரண்டு வாக்கியம் எனக்குக் கேட்கவில்லை. திரும்பக் கேட்டால் நிறுத்திவிடுவாளோ என்று பயந்து, கேட்டதுபோலவே தலையாட்டிவைத்தேன். ஆகவே கதையின் தொடக்கம் எனக்கே தெரியாது. நானாகப் போட்டுக்கொள்ளப்போவதுதான்.

எனக்குக் கேட்ட மூன்றாவது வாக்கியம் இது: "அத நான்தான் தண்ணில போட்டு கரைச்சேன் அண்ணி. முப்பது வருஷமா பழிய அவர் சுமக்கறாரு. நான் வாயத் தொறக்கல."

சொல்லி முடித்ததும், "கதையா எழுதிடாதீங்க, தாயே" என்று கும்பிட்டாள். மூன்று நாள் கழித்து மாடியிலிருந்து இறங்கி வந்து, "எழுதுங்க. ஆனா அடுத்த மாசம் ரெண்டாவது வெள்ளிக்கிழமைக்கு முன்னாடி பத்திரிகையில வந்துடணும்" என்றாள்.

அன்றைக்கு என்ன? அன்றைக்குத்தான் 'அவர்' பல்கலைக்கழகத்தில் கடைசியாகப் பேசப்போகிறார். ஓய்வு பெறுகிறார். பேச்சின் முடிவில், தான் இளவயதில் பார்த்ததாகச் சொன்ன ஏழு எழுத்துகள் வெறும் கண் மயக்கம் என்று ஒத்துக்கொள்ளப் போகிறாராம். அது கண் மயக்கம் இல்லை என்று தெரிந்த ஒரே ஆள் என் நாத்தனார்.

"நேர்ல போய் சொல்லேன்டீ."

"முடியாது. உங்க தொடர்கதைய அவர் பஸ்ல படிப்பாரு. ஒரு வாரம் விடமாட்டாரு. அதுல வந்தா புரிஞ்சுக்குவாரு."

ஆக, இருபத்தைந்து வருடமாகக் கல்யாணத்தில் முடியும் கதைகளை எழுதி வருகிற நான், முதல்முறையாக ஒரே ஒரு வாசகருக்காக எழுத உட்கார்ந்தேன். நீங்கள் பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்க்கிறீர்கள். தாராளமாகப் பாருங்கள்.

2

முதல் தொடக்கம்: 'கடலைப் பார்த்தபடி அவள் நின்றாள்.' எந்தக் கடல்? அவள் வேலை பார்த்த அறை ஜன்னலிலிருந்து சைக்கிள் நிறுத்துமிடம்தான் தெரியும். அடித்துவிட்டேன்.

இரண்டாவது: 'மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பு, கிழக்கு மத்தியதரைக் கடலின் கரையில் சில கப்பல்கள்' — வேண்டாம். என் வாசகிகள் இந்த இடத்தில் அடுப்பைப் பார்க்க எழுந்துவிடுவார்கள்.

மூன்றாவது, இதுதான்:

பல்கலைக்கழகத்தின் பின்பக்கத்தில் ஓர் அறை. அதில் நாற்பத்தொரு மரப்பெட்டி. எந்தக் காலத்திலோ ஒரு பேராசிரியர் வெளிநாட்டு அகழாய்வில் சேர்ந்து வேலை பார்த்து, பங்காகக் கிடைத்ததைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தார். பிறகு அவர் இறந்துபோனார். பெட்டிகளைத் திறக்க யாருக்கும் நேரமில்லை. கடைசியில் இரண்டு பேரை வேலைக்கு எடுத்தார்கள். பானை ஓடுகளைக் கழுவி வகைபிரிக்க என் நாத்தனார். எங்கேயாவது எழுத்து இருந்தால் படிக்க அவர். துறையில் இவளைப் பானைக்காரி என்றும் அவரை மொழிக்காரர் என்றும் கூப்பிட்டார்கள். இவளுக்கு இருபத்தெட்டு வயது. அவருக்கு முப்பது. பெட்டிகளில் இருந்தது, மூவாயிரம் வருடத்துக்கு முன்பு கிழக்கு மத்தியதரைக் கடலோரம் குடியேறிய பெலிஸ்தரின் வீட்டுச் சாமான்.

நான் அந்த அறைக்குள் நாலைந்து முறை போயிருக்கிறேன், இவள் மறந்துவிட்டுப் போகும் கண்ணாடியைக் கொடுக்க. ஈரக் களிமண் வாசனை முகத்தில் அடிக்கும். தரை முழுக்கப் பழைய செய்தித்தாள், அதன்மேல் வரிசை வரிசையாக ஓடுகள் காயும். ஒரு டம்ளர் நிறையப் பழைய பல் பிரஷ்கள் நிற்கும். நீள மேசையின் இந்தப் பக்கம் இவள், முழங்கை வரை ஈரம். அந்தப் பக்கம் அவர், கையில் பூதக்கண்ணாடி. நான் உள்ளே நுழைந்தால் இருவரும் ஒரே சமயத்தில் பேச்சை நிறுத்துவார்கள். காதலர்கள் அப்படி நிறுத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். அதை வைத்துத்தானே பிழைக்கிறேன். ஆனால் கதவுக்கு வெளியே நின்று கேட்டபோது அவர்கள் பேசிக்கொண்டிருந்தது பன்றி எலும்பைப் பற்றி.

3

வாதம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். நீளமாகப் போகாது. (இப்படித்தான் அவர்களும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆரம்பிப்பார்களாம்.)

பெலிஸ்தர் யார்? எங்கிருந்து வந்தார்கள்? என்ன பேசினார்கள்? எகிப்தியர்கள் கோயில் சுவரில் அவர்களைத் தோற்கடித்த கதையைச் செதுக்கி வைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் அவர்களோடு போட்ட சண்டையை எழுதி வைத்தார்கள். அவர்களைப் பற்றி அவர்களே சொன்னது மட்டும் கிடைக்கவில்லை. எதிரிகள் சொன்னதை வைத்து ஒரு குடும்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டிய நிலைமை. மருமகளாக வந்தவள் என்ற முறையில் அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"இந்தக் கோலத்தப் பாருங்க, இந்தப் பறவையப் பாருங்க. தெற்கு ஐரோப்பாவுல ஏஜியன் கடல் பக்கத்துப் பானையோட அக்கா தங்கச்சி மாதிரி இருக்கு. அங்கேர்ந்துதான் வந்தாங்க" என்பாள் இவள்.

"பானைய வச்சு ஆள் யாருன்னு சொல்லிடுவீங்களோ? நான் டீ குடிக்கற கப்பு எந்த ஊர்ல செஞ்சதுன்னு எனக்கே தெரியாது. அதுக்காக நான் அந்த ஊர்க்காரனா?"

"கப்பு கடையில வாங்கறது சார். அடுப்பு? வீட்டு நடுவுல போட்ட அடுப்பு இது. தறியில நூல் தொய்யாம இருக்கத் தொங்கவிடற களிமண் உருளை? அத ஒவ்வொரு வீட்டுப் பொம்பளையும் தானே உருட்டிக்கறா. கடல் தாண்டினாலும் கைப்பழக்கம் மாறல."

"சரி, ஒத்துக்கறேன். அந்தப் பொம்பளை உருட்டும்போது என்ன பாட்டு பாடினா? எந்த மொழியில பாடினா?"

"அது உங்க வேலையாச்சே. சம்பளம் வாங்கறீங்க இல்ல?"

மொழிக்காரருக்குக் கிடைத்த சரக்கு ரொம்பக் குறைவு. சில பெயர்கள், தலைவர்களைக் குறிக்கும் ஒரு பட்டம். அவ்வளவுதான். பிற்காலத்தில் அந்த ஊர்களில் கிடைத்த எழுத்தெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களின் எழுத்து, ஏறக்குறைய அவர்களுடைய மொழி. வந்த மொழி எங்கே போனது?

இவள் கட்சி: அந்த மொழி இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டுக்குள்ளேயே செத்துப்போனது. தெருவில் விளையாடப் போன பிள்ளைகள் வேறு மொழியோடு வீடு திரும்பியிருக்கும். அம்மா ஒன்று கேட்டால் பிள்ளை வேறொன்றில் பதில் சொல்லியிருக்கும். கடைசியில் அம்மாவும் பிள்ளைக்காக மாறியிருப்பாள். யாரும் உட்கார்ந்து எழுதியிருக்க மாட்டார்கள்.

அவர் கட்சி: ஐந்து நகரம் ஆண்டவர்கள் தங்கள் மொழியில் ஒரு வரிகூட எழுதாமலா போயிருப்பார்கள்? எங்கேயோ இருக்கிறது. இன்னும் கையில் சிக்கவில்லை.

"சிக்காது சார்."

"சிக்கும். சிக்கினா என்ன தருவீங்க?"

"என்ன வேணும்?"

இந்த இடத்தில் அவர் பூதக்கண்ணாடியைச் சட்டை நுனியால் துடைத்தாராம். நாத்தனார் இதைச் சொல்லும்போது கையிலிருந்த பீன்ஸை நார் எடுக்காமலே பாத்திரத்தில் போட்டாள். நான் கவனிக்காததுபோல் இருந்துவிட்டேன்.

4

இனி நடந்தது. மெதுவாகச் சொல்கிறேன், கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

அந்த அறைக்கு ஒரு விதி உண்டு. சுட்ட மண்ணைத் தண்ணீரில் கழுவலாம். சுடாத மண்ணைத் தண்ணீர் பக்கமே கொண்டுபோகக் கூடாது. காய்ந்த பிரஷால் தட்டிவிடுவதோடு சரி. நனைந்தால் பத்து நிமிடத்தில் சேறு. அதனால் சுடாததெல்லாம் சிவப்பு அட்டை செருகிய தட்டில் இருக்கும். மற்ற தட்டுகள் எல்லாம் இவள் வாளிக்கு. வெள்ளிக்கிழமை காலை இவள் முதல் ஆளாக வந்து, கழுவும் தட்டைப் பார்க்காமலே வாளியில் கவிழ்த்துவிட்டு, முடியை முடிந்துகொண்டு, அப்புறம்தான் ஜன்னலைத் திறப்பாள். பழக்கம்.

ஒரு வியாழக்கிழமை மாலை, இவள் கிளம்பிப் போன பிறகு, ஐந்து மணி வெயில் மேசைமேல் சாய்ந்து விழுந்தது. அந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் ஒரு களிமண் உருளைமேல் கீறல்கள் தெரிந்தன. சும்மா கீறல் இல்லை. வரிசையாக ஏழு குறிகள். மொழிக்காரர் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு புகைப்படக்காரரைப் பிடிக்க ஓடினார். புகைப்படக்காரர் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார். காலையில் முதல் வேலையாக எடுத்துவிடலாம் என்று இவரும் வீட்டுக்குப் போனார்.

ஓடுவதற்கு முன் உருளையைக் கீழே வைத்தாரே, எந்தத் தட்டில் வைத்தார்?

சிவப்பு அட்டைத் தட்டில்தான் வைத்தேன் என்று இன்றுவரை சொல்கிறார். இல்லை. சந்தோஷத்தில் கை பதறியதோ என்னவோ, பக்கத்துத் தட்டில் வைத்திருக்கிறார். மறுநாள் காலை இவள் அதைக் கவிழ்த்தாள், முடியை முடிந்தாள், ஜன்னலைத் திறந்தாள், வாளிக்குள் கைவிட்டாள். வழவழவென்று சோப்பு மாதிரி ஏதோ கையில் தட்டுப்பட்டது.

(இந்த உருளையை எந்த அருங்காட்சியகப் பட்டியலிலும் தேட வேண்டாம். கதைக்கு வெளியே அது கிடையாது.)

வெளியே எடுத்தபோது பாதி போயிருந்தது. மீதிப் பாதியில் குறிகள் இருந்ததை அவள் பார்த்தாள். அவள் கண்ணெதிரிலேயே அவை— இந்த வாக்கியத்தை மூன்றுமுறை எழுதிவிட்டேன். 'கரைந்தன' என்று ஒருமுறை. 'மறைந்தன' என்று ஒருமுறை. இப்போதைக்கு இப்படியே கிடக்கட்டும்.

அவள் அழுதாள். வாளித் தண்ணீரைத் தோட்டத்தில் கொட்டினாள். ஒன்பதரைக்கு அவர் புகைப்படக்காரரோடு வந்தார்.

"நேத்து இங்க ஒரு உருளை வச்சேனே, பார்த்தீங்களா?"

"இல்லையே சார்."

கதையில் பொய் சொல்கிறவர்கள் நாலு வாக்கியம் பேசுவார்கள். அவள் ஒன்றுதான் சொன்னாள்.

5

அவர் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்கவில்லை. அடுத்த மாதக் கருத்தரங்கில் எழுந்து நின்று, தான் பார்த்ததைச் சொல்லி, நினைவிலிருந்து ஏழு குறியையும் கரும்பலகையில் வரைந்தார்.

"பொருள் எங்கே?" என்று தலைவர் கேட்டார்.

"காணோம் சார்."

"மொழியும் காணோம், பொருளும் காணோம். பெலிஸ்தர் கெட்டிக்காரங்கதான்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். அரங்கம் சிரித்தது. அன்றிலிருந்து அவருக்கு 'ஏழெழுத்து' என்று பெயர். 'ஏழெழுத்து வந்தாச்சா?', 'ஏழெழுத்து இன்னிக்கு லீவா?' பதவி உயர்வு இரண்டு முறை தள்ளிப்போனது. அவர் எழுதிய எந்தக் கட்டுரையையும் பிறர் ஒரு புன்னகையோடுதான் கையில் எடுத்தார்கள்.

என் நாத்தனார் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். "போர்ட நான் நிமிர்ந்தே பார்க்கல அண்ணி. மடியில இருந்த பையோட ஜிப்ப மூடி மூடித் தொறந்துட்டு இருந்தேன்" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் அவர் இவளிடம் வந்து, "நாம ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதலாமா? ரெண்டு பேர் பேரும் போட்டு?" என்று கேட்டிருக்கிறார். இந்த மாதிரி ஆட்கள் பெண் கேட்கும் விதம் அதுதான். இவள் மறுநாளே மாற்றல் கேட்டு நாணயப் பிரிவுக்குப் போய்விட்டாள். மாடியில். அங்கே களிமண் கிடையாது.

இருபத்தொன்பது வருடம் ஒரே படிக்கட்டு. அவர் இறங்குவார், இவள் ஏறுவாள். "சௌக்கியமா?" "சௌக்கியம் சார்." சில வருடங்களுக்கு முன்னால், பெலிஸ்தரின் கடற்கரை ஊர் ஒன்றில் கிடைத்த எலும்புகளின் மரபணுவைப் பார்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. வந்த தலைமுறையில் தெற்கு ஐரோப்பாவின் கலப்பு இருந்தது, சில நூறாண்டுக்குள் அது அக்கம்பக்கத்து ரத்தத்தில் கலந்து காணாமலே போய்விட்டது என்று. இவளுக்குத் தலைகால் புரியவில்லை. செய்தித்தாளை மடித்துக்கொண்டு படிக்கட்டில் பாதிதூரம் இறங்கினாள். 'பார்த்தீங்களா சார், நான் சொன்னேன் இல்ல?' என்று சொல்ல வேண்டும். அந்த அறையின் ஈர வாசனையே மூக்கில் வந்துவிட்டதாம். பாதியில் நின்றாள். திரும்பி ஏறிவிட்டாள்.

இருவரும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அவருடைய காரணம் எனக்குத் தெரியாது. இவளுக்கு வந்த வரன்களை எல்லாம் நான்தான் கொண்டுவந்தேன். ஒவ்வொருவனுக்கும் ஒரு குறை சொன்னாள். ஒருத்தனுக்கு, அதிகம் வாதாட மாட்டான்போல் இருக்கிறது என்றாள். அதெல்லாம் குறையா என்று அப்போது திட்டினேன்.

6

இப்போது முடிவு. இரண்டு எழுதிப் பார்த்தேன், ஒரே தாளில்.

முதல் முடிவில் அவர் இந்தக் கதையைப் பஸ்ஸில் படிக்கிறார். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிடுகிறார். நேராக எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார். நான் காபி போட உள்ளே போய்விடுகிறேன். (என் வாசகிகளுக்கு இது பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது.)

இரண்டாவதில், அவர் படித்துவிட்டுப் பத்திரிகையை மடித்துவைக்கிறார். இரண்டாவது வெள்ளிக்கிழமை மேடையேறி, அது கண் மயக்கம் இல்லை என்கிறார். யார் சொன்னார்கள் என்று கேட்கிறார்கள். அவர் சொல்வதில்லை. படிக்கட்டில் பார்த்தால் மட்டும் இனி 'சௌக்கியமா' கேட்பதில்லை.

இரண்டிலும் ஒரு கோளாறு இருக்கிறது. என் கதாநாயகி இரண்டிலும் வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். அதைவிட, அவள் சொன்னதில் ஏதோ ஒன்று எனக்கு ஒட்டவில்லை. அது விபத்து என்றால், அதுவும் அவர் தட்டை மாற்றி வைத்ததால் வந்தது என்றால், அன்றைக்கே அழுதுகொண்டு சொல்லியிருக்கலாமே? திட்டு விழுந்திருக்கும், தீர்ந்திருக்கும். அதற்காக முப்பது வருடமா?

கேட்கத் தைரியம் வரவில்லை. இதுவரை எழுதியதை எடுத்துப்போய் அவளிடம் கொடுத்தேன்.

7

இன்று காலை. மாடி அறையில் கட்டிலில் உட்கார்ந்து படித்தாள். நான் ஜன்னல் ஓரம் நின்றேன். 'ஒவ்வொருவனுக்கும் ஒரு குறை' என்ற இடத்தில் சிரித்தாள். பிறகு ஒரு பக்கத்துக்குத் திரும்பிப் போனாள்.

"நான் அழுதேன்னு எழுதியிருக்கீங்க."

"அழலையா?"

"அழல. கண்ணெதிர்ல கரைஞ்சுதுன்னும் கோடு போட்டு விட்டிருக்கீங்க."

"நீதானேடீ அப்படிச் சொன்னே."

கண்ணாடியைக் கழற்றினாள். கீழே தண்ணீர் மோட்டார் ஓடி நின்றது.

"கரையல அண்ணி. எடுத்தப்போ ரெண்டு எழுத்து நல்லா நின்னுச்சு. துணியில வச்சு நிழல்ல காயவிட்டிருந்தா இன்னிக்கும் இருக்கும். எனக்குத் தெரியும், அது என் வேலை. ரெண்டு இருந்தா மீதி எங்கேன்னு கேப்பாங்க. யார் நனைச்சான்னு கேப்பாங்க. கழுவறவ நான் ஒருத்திதான். வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம்கூட ஆகல. திரும்ப வாளிக்குள்ள விட்டேன். கைய எடுக்காம, முழுசா போற வரைக்கும் புடிச்சிட்டே இருந்தேன்."

நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நிறைய கதாபாத்திரங்களுக்கு ஆறுதல் எழுதியவள். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அவர் மாத்தி வச்சாருன்னு சொல்லி சொல்லி என்னையே ஏமாத்திக்கிட்டேன். அவர் கை பதறினது ஒரு நிமிஷம். என் கை பதறவே இல்ல."

"அந்த ரெண்டு எழுத்தும் ஞாபகம் இருக்கா?"

"மறக்கற விஷயமா?" என் கையிலிருந்த பென்சிலை வாங்கினாள். மடியிலிருந்த கடைசித் தாளைத் திருப்பி, பின்பக்கம் வெறுமையாக இருந்த இடத்தில் இரண்டு குறி போட்டாள். ஒன்று ஏணியில் பாதி மாதிரி. இன்னொன்றை எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கை ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை.

"அவர் போர்டுல போட்டத நான் பார்த்ததே இல்ல அண்ணி. இத அவர்கிட்ட காட்டினா, அவர் போட்ட ஏழுல ரெண்டு இதேதானான்னு அவருக்கே தெரியும். கண் மயக்கம் ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி வராது இல்ல?"

"வராது."

"மிச்சத்தையும் சொல்லுவேன். வாளிக்குள்ள திரும்ப விட்டத. அது இதுல வர வேண்டாம், நானே சொல்றேன். கதையில வந்தா நீங்க எனக்குப் பரிஞ்சு எழுதிடுவீங்க."

(வந்துவிட்டது. மன்னித்துவிடு. ஆனால் பரிந்து எழுதவில்லை, நீ சொன்னபடியேதான்.)

எழுந்து முடியை முடிந்துகொண்டாள். இந்த வாரம் அவர் தன் அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறாராம், காலையிலிருந்தே இருப்பாராம். இதெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தாள். அது என் ஆறாவது பகுதியின் கடைசித் தாள். இரண்டு முடிவும் அதில்தான் இருந்தன. மேலே நீங்கள் படித்தது நான் ஞாபகத்திலிருந்து திரும்ப எழுதியது. முதலில் எழுதியது இன்னும் நன்றாக இருந்தது.

"செருப்பு போட்டுக்கோ" என்றேன். வேறென்ன சொல்ல?

ஆக, எந்த ஒருவருக்காக இதை எழுதினேனோ, அவருக்கு இது இனித் தேவையில்லை. பத்திரிகை அவர் கைக்குப் போவதற்குள் எல்லாம் தெரிந்திருக்கும். அதனால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த உங்களிடமே கொடுத்துவிடுகிறேன். அவர் அந்தத் தாளை வாங்கி என்ன செய்தார், வாளியைப் பற்றிக் கேட்டதும் முகம் எப்படி ஆனது, மன்னித்தாரா, மன்னிக்க என்ன இருக்கிறது என்றாரா, வெளியே போங்கள் என்றாரா, இல்லை பெட்டிகளுக்கு நடுவில் உட்காரச் சொல்லி, விட்ட இடத்திலிருந்து வாதத்தை எடுத்தாரா என்று நீங்கள்தான் எழுதிக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் குடும்பம் இருக்கிறது, உங்களுக்கும் தெரியும்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பல்கலைக்கழகம் இங்கிருந்து பதினைந்து நிமிட நடை. அவள் கிளம்பியது பத்து மணிக்கு. இப்போது மணி இரண்டே கால். இரண்டு பேர் சாப்பாடும் ஆறிக்கொண்டிருக்கிறது. நான் சூடு பண்ணவில்லை.